எல்லா ரிப்போர்ட்டும் நார்மல்... ஆனாலும் கரு தங்கவில்லையா? கருப்பை உட்சவ்வையும் கொஞ்சம் கவனிங்க!

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆனாலே போதும், "விசேஷம் ஏதும் உண்டா?" என்ற கேள்வி வந்துவிடும். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கணவரின் விந்தணுப் பரிசோதனை எல்லாமே நார்மல். அப்புறம் ஏன் கரு தங்கவில்லை? இதைத்தான் 'காரணம் தெரியாத குழந்தையின்மை' என்கிறார்கள் மருத்துவர்கள். குழந்தையின்மை சிகிச்சைக்கு வரும் தம்பதிகளில் சுமார் 15 முதல் 30 சதவீதம் பேர் இந்த வகைதான்.

உட்சவ்வின் வேலை என்ன?

கருப்பையின் உள்பக்கம் இருக்கும் படலம்தான் எண்டோமெட்ரியம். மாதவிலக்கில் உதிர்ந்து, மாதாமாதம் புதிதாக வளரும். ஈஸ்ட்ரோஜன் அதை வளர்க்கும். புரோஜெஸ்டிரோன் கருவை ஏற்கத் தயார்படுத்தும். பெரும்பாலும், கருமுட்டை வெளியாகி 6 முதல் 10 நாட்களுக்குள்தான் கரு அதில் ஒட்டிக்கொள்ளும். ஸ்கேனில் சவ்வின் தடிமன் தெரியும். ஆனால், அது கருவை ஏற்கத் தயாரா என்பது தெரியாது.

இருமலே இல்லாத காசநோய்

நம் நாட்டில் கவனிக்க வேண்டிய காரணம் ஒன்று இருக்கிறது. நுரையீரலில் நுழைந்த காசநோய்க் கிருமி, ரத்தம் வழியாகக் கருக்குழாய்க்கும் உட்சவ்வுக்கும் பரவலாம். இருமல், காய்ச்சல் எதுவுமே இல்லாமல் இருக்கலாம். மாதவிலக்கு குறைவது, அடிவயிற்று வலி மட்டும் அறிகுறியாக வரலாம். சிலருக்கு அதுவும் வராது. உட்சவ்விலிருந்து சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள். ஒரே சோதனையில் சிக்காமலும் போகலாம். உறுதியானால் வழக்கமாக 6 மாதம் மாத்திரை. அரசுத் திட்டத்தில் இலவசம். சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாயும் உண்டு. தாமதித்தால் சவ்வில் தழும்பு விழுந்து, பிறகு வளராமலே போகும் ஆபத்து இருக்கிறது. அதனால்தான் சீக்கிரம் கண்டுபிடிப்பது முக்கியம்.

காஸ்ட்லி டெஸ்ட் தேவையா?

கருவை வைக்கச் சரியான நேரத்தைச் சொல்லும் என்று விற்கப்படும் உட்சவ்வு மரபணு டெஸ்ட், அமெரிக்காவில் ஐவிஎஃப் சிகிச்சை பெற்ற 767 பெண்களிடம் ஆராயப்பட்டது. 2022-ல் முடிவு வெளியானது. டெஸ்ட் சொன்ன நேரப்படி கரு வைத்தவர்களில் 58.5 சதவீதம் பேருக்கும், வழக்கமான நேரத்தில் வைத்தவர்களில் 61.9 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. அதாவது, டெஸ்ட்டால் பலன் கூடவில்லை. சவ்வை லேசாகச் சுரண்டிவிடும் முறையும் அப்படித்தான். 2019-ல் வெளியான 1,364 பெண்களிடம் நடந்த ஆய்வில், சுரண்டினாலும் சுரண்டாவிட்டாலும் 26.1 சதவீதம்தான். எனவே நகையை அடகு வைக்கும் முன், "இதனால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடும் என்பதற்கு ஆதாரம் உண்டா?" என்று டாக்டரிடம் கேளுங்கள்.

என்ன செய்யலாம்?

ஒரு வருஷம் முயன்றும் கரு தங்காவிட்டால் கணவன், மனைவி இருவருமே மருத்துவரைப் பாருங்கள். மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் 6 மாதம் போதும். வீட்டில் யாருக்காவது காசநோய் வந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனைகளில் விசாரிக்கலாம். விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது.

'காரணம் தெரியவில்லை' என்றால் இப்போதைய சோதனைகளில் எதுவும் சிக்கவில்லை என்றுதான் பொருள். மருமகளிடம் குறை என்று அந்த ரிப்போர்ட்டில் எங்கேயும் எழுதியிருக்காது.