படக்கருவி எங்கே நிற்கிறது? – தோட்டத்துத் திரையும் மலாக்கா ஆறும்



திரைப்படத்தைப் பற்றிப் பேசும்போது நடிகர், பாடல், வசனம் ஆகிய மூன்றையுமே நாம் பெரிதும் பேசுகிறோம். அக்காட்சியைப் பிடித்த படக்கருவி எங்கே நின்றது, எவ்வளவு உயரத்தில் நின்றது, எதனைச் சட்டத்துக்குள் வைத்தது, எதனை வெளியே விட்டது என்று கேட்பதில்லை. பார்ப்பவர் யார் பக்கம் சாய வேண்டும் என்பதைப் பெரும்பாலும் அதுவே முடிவு செய்கிறது. மலாக்காத் தமிழரின் வரலாற்றோடு சேர்த்து இதனை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரே காலத்தில் பிறந்த இரண்டு

1895 டிசம்பர் 28ஆம் நாள் பாரிஸ் நகரில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் பெற்றுப் பொதுமக்களுக்குப் படம் காட்டினர். அடுத்த ஆண்டு, 1896இல், மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் ரப்பர் கன்றுகளை நட்டார். பின்னர் அவர் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் ஒன்றையும் உருவாக்கினார். மலாயாவில் வணிக நோக்கில் ரப்பர் பயிரிடுவது இவ்வாறு நம் மாநிலத்தில்தான் தொடங்கியது. திரைப்படமும் ரப்பர்த் தோட்டமும் ஏறத்தாழ ஒரே வயதுடையவை.

லூமியேர் சகோதரர்களின் படங்களுள் ஒன்று, நிலையத்துக்குள் நுழையும் இரயிலைக் காட்டுவது. அவர்கள் கருவியைத் தண்டவாளத்தை ஒட்டி, நடைமேடை ஓரத்தில் வைத்தனர். தொலைவில் சிறு புள்ளியாகத் தெரியும் இரயில், பார்ப்பவரை நோக்கிக் குறுக்குக் கோட்டில் பெரிதாகிக்கொண்டே வருகிறது. அதே இரயிலை எட்ட நின்று பக்கவாட்டில் எடுத்திருந்தால், அது வெறும் வண்டியாகக் கடந்து போயிருக்கும். கருவி நிற்கும் இடமே உணர்ச்சியைத் தருகிறது என்பதைத் திரைப்படம் தன் குழந்தைப் பருவத்திலேயே காட்டிவிட்டது.

அக்காலத்தில் மலாயாத் தோட்டங்களை எடுத்த ஒளிப்படங்களும் அஞ்சலட்டைகளும் இன்றும் காணக் கிடைக்கின்றன. மரங்கள் வரிசையாக நிற்கும். அவற்றின் நடுவே நம் மக்களும் வரிசையாக நிற்பர். கீழே 'தமிழ்க் கூலிகள்' என்று எழுதியிருக்கும், பெயர் இராது. முகத்தை அறிய முடியாத தொலைவிலிருந்து எடுத்த படம், அம்மனிதரைத் தோட்டத்தின் ஓர் உடைமையாகவே காட்டும். துரையின் பங்களாவிலிருந்து பார்த்தால் தோட்டம் எப்படித் தெரியுமோ, அதே பார்வை அது.

மேடையை விட்டு இறங்கிய கருவி

தமிழின் முதல் பேசும் படம் 'காளிதாஸ்' 1931இல் வந்தது. தொடக்ககாலத் தமிழ்ப் படங்களில் மேடை நாடகத்தின் சாயல் மிகுதி. நாடகம் பார்க்க முன்வரிசையில் அமர்ந்தவரைப் போலக் கருவி ஓரிடத்தில் நிற்க, நடிகர் வந்து பாடிச் செல்வார்.

அந்த வழக்கத்தை மாற்றியவர்களுள் ஒருவர் எல்லிஸ் ஆர். டங்கன். தமிழ் அறியாத இந்த அமெரிக்கர், கருவியை நகர்த்தினார். நடிகரின் முகத்துக்கு அருகே கொண்டு சென்றார். அவர் இயக்கிய 'சதி லீலாவதி' (1936) எம்.ஜி.ஆர். அறிமுகமான படம் என்றே பலரும் அறிவர். அக்கதையின் நாயகன் இலங்கைக்குத் தப்பி ஓடித் தோட்டத் தொழிலாளியாகிறான் என்பதும் நாம் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி. கடல் கடந்த தோட்டத் தமிழரின் வாழ்வு அக்காலத்திலேயே தமிழ்த் திரையில் இடம்பெற்றுவிட்டது.

பின்னர் 1954இல் எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' வந்தது. அதில் பாடலே இல்லை. ஒரு கொலையைப் பற்றிப் பலர் பலவாறு கூற, ஒவ்வொருவர் கூற்றுக்கும் ஏற்பக் காட்சி மாறுகிறது. கண்ணால் கண்டதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. யாருடைய கண் வழியாகக் கண்டோம் என்று கேட்க வேண்டும் என்பதை அப்படம் பார்ப்பவருக்கு உணர்த்தியது.

திடலுக்கு வந்த வண்டி

மலாயாத் திரைப்படப் பிரிவு 1946இல் தொடங்கப்பட்டது. இதுவே பின்னாளில் ஃபிலெம் நெகாரா எனப் பெயர் பெற்றது. 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பின், தகவல் இலாகாவின் வண்டிகள் படம் காட்டும் கருவி, ஒலிபெருக்கி, வெண்திரை ஆகியவற்றோடு கம்பங்களுக்கும் தோட்டங்களுக்கும் சென்றன. மலாய், சீனம், தமிழ் ஆகிய மொழிகளில் விளக்கவுரை சேர்த்த படங்கள் திறந்த வெளியில் காட்டப்பட்டன.

இத்தகைய செய்திப் படங்களில் ஓர் உத்தியைக் கவனிக்கலாம். திரையில் தெரிபவர் பேசமாட்டார். திரையில் தெரியாத ஒருவர் அவரைப் பற்றிப் பேசுவார். பால் வெட்டும் கை அண்மைக் காட்சியில் வரும். அந்தக் கைக்கு உரியவர் என்ன நினைக்கிறார் என்பது வராது. குரல் தமிழாக இருந்தாலும், எதைச் சொல்வது என்பதை முடிவு செய்தது அரசாங்கம். நாள் முழுதும் உழைத்துவிட்டுத் திடலில் அமர்ந்து பார்த்த தொழிலாளர், தம்மைப் போன்றவரையே பிறர் கண்ணால் பார்க்க நேர்ந்தது.

மலாக்கா ஆற்றின் கரையில்

1999இல் 'என்ட்ராப்மென்ட்' என்னும் ஹாலிவுட் படம் வெளிவந்தது. ஷான் கானரி நடித்தது. அதில் மலாக்கா ஆற்றங்கரையின் பழைய வீடுகளைக் காட்டி, அவற்றின் பின்னே பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் உயர்ந்து நிற்பது போல் இணைத்திருந்தனர். உண்மையில் இவ்விரு இடங்களுக்கும் இடையே ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தொலைவு. அப்போதைய பிரதமர் மகாதீர் முகமது இதனை வெளிப்படையாகக் கண்டித்தார்.

ஆறு உண்மை, கோபுரமும் உண்மை. இரண்டையும் ஒட்டியதுதான் பொய். இரஷ்ய இயக்குநர் குலஷோவ் ஏறத்தாழ 1920 அளவிலேயே இதனைச் சோதித்துக் காட்டினார். ஒரே நடிகரின் சலனமற்ற முகத்தை, ஒரு முறை உணவுக் கிண்ணத்தோடும் மறுமுறை சவப்பெட்டியோடும் இணைத்தார். பார்த்தவர்கள் முதலில் பசியையும் பின்னர் துயரத்தையும் அம்முகத்தில் கண்டனர்.

ஆயினும் அந்தப் பொய்யான இணைப்பின் பின்னே ஓர் உண்மையும் இருந்தது. தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்புத் திட்டங்களானபோது, வெளியேறிய நம் குடும்பங்கள் பல நகரோரப் புறம்போக்குக் குடியிருப்புகளில் தஞ்சம் புகுந்தன. வளர்ச்சியின் அருகிலேயே வறுமை இருந்தது. அப்படத்துக்கோ அந்த மக்கள் தேவைப்படவில்லை. ஏழ்மை என்னும் பின்னணி மட்டுமே தேவைப்பட்டது.

நம் கண்ணின் உயரத்தில்

அம்மக்களின் கதையை நம் நாட்டுக் கலைஞர்களே சொல்லத் தொடங்கியபோது கருவியின் இடமும் மாறியது. தீபக் குமரன் மேனனின் 'செம்மண் சாலை' (2005), 1960களின் ரப்பர்த் தோட்டத்தில் மேற்படிப்பை விரும்பும் ஒரு பெண்ணின் கதை. தொலைவில் வரிசையாக நின்றவர்களுள் ஒருத்திக்கு அங்கே பெயரும் குடும்பமும் கனவும் கிடைத்தன. சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' (2015), தோட்டத்தை விட்டு வந்த குடும்பத்துச் சிறுவன் ஒருவனை மையமாகக் கொண்டது. 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படம் என்னும் விருதையும் பெற்றது.

இவற்றோடு பா. ரஞ்சித்தின் 'கபாலி'யை (2016) ஒப்பிடலாம். அதன் படப்பிடிப்பில் ஒரு பகுதி மலாக்காவில் நடைபெற்றது. தோட்டத் தொழிலாளரின் சம ஊதியக் கோரிக்கையை அது பேசுகிறது. ஆனால் நாயகனைக் கீழிருந்து மேல்நோக்கிக் காட்டும் உத்தி அவரை மலைபோல் உயர்த்துகிறது. அப்படிப் பார்க்கும்போது நாம் அவரை வணங்குகிறோம். கண்ணுக்கு நேராகப் பார்க்கும் சிறுவனையோ நாம் அறிந்துகொள்கிறோம். இரண்டுக்கும் திரையில் இடமுண்டு. எனினும், வேறுபாட்டைப் பிள்ளைகள் உணராவிட்டால், முரட்டுத்தனத்தையும் கீழ்க்கோணத்தில் வைத்து வீரமாகக் காட்டிவிட முடியும். குண்டர் கும்பல்களால் எத்தனை இளைஞரை இழந்திருக்கிறோம் என்பதை ஆசிரியர்களாகிய நாம் அறிவோம்.

வகுப்பறையில் செய்யத்தக்கது

மலாக்கா மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுட் பல தோட்டத்தில் பிறந்தவை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடுகள் வருகின்றன. லயங்களும் பெரட்டுக் களங்களும் மறைந்து வருகின்றன. அவற்றைப் பற்றிய நம் பார்வையிலான காட்சிகள் மிகக் குறைவு.

இன்று கைப்பேசியால் எந்த மாணவரும் படமெடுக்க முடியும். எனவே, ஒரு காட்சியைப் பார்த்ததும் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக்குவோம். கருவி யார் பக்கம் நிற்கிறது? சட்டத்துக்கு வெளியே யார் விடப்பட்டார்? திரையில் இருப்பவர் பேசுகிறாரா, அல்லது அவரைப் பற்றிப் பிறர் பேசுகிறாரா?

பின்னர் அதே மாணவரைத் தம் பாட்டியின் எதிரே, பாட்டி அமர்ந்திருக்கும் உயரத்திலேயே கைப்பேசியை வைத்து, அவர் பால் வெட்டிய நாள்களைப் பேசச் சொல்லிப் பதிவு செய்யச் சொல்வோம். பாட்டியின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் தொடக்கத்தில் எழுதச் சொல்வோம். பழைய அஞ்சலட்டைகளில் விடுபட்டவை அந்த இரண்டும்தான். பெற்றோர் இதற்கு ஒரு விடுமுறை நாளை ஒதுக்கினால் போதும். தோட்டத்தில் வாழ்ந்தோர் நம்மிடையே இருக்கும்போதே இதனைத் தொடங்குவோம்.