மீண்டும் தோன்றாத பிழை: குறுக்கீட்டின் வரலாறு



மைக்ரோபிட், ஆர்டுயினோ போன்ற சிறிய மின்பலகைகள் இன்று நம் மாணவர்களின் கைகளுக்கும் வந்துவிட்டன. பொத்தானை அழுத்தினால் எண் ஒன்று கூட வேண்டும். ஒன்பது முறை சரியாகக் கூடுகிறது. பத்தாவது முறை ஏதோ ஓர் எண்ணைக் காட்டுகிறது. மறுபடி அழுத்தினால் சரியாகிவிடுகிறது. மாணவன் வியப்போடு வந்து சொன்னால், "மீண்டும் செய்து பார், சரியாக வரும்" என்று கூறி அனுப்பிவிடுவது நம் வழக்கம். அந்தப் பத்தாவது முறையின் பின்னே எழுபது ஆண்டுக் கால வரலாறு இருக்கிறது. அதனை அறிந்தால் நாம் அவ்வளவு எளிதாக மாணவனை அனுப்பிவிட மாட்டோம்.

முதலில் குறுக்கீடு என்றால் என்ன என்பதைப் பார்ப்போம். ஆசிரியர் பாடம் வாசித்துக்கொண்டிருக்கிறார். அலுவலகத்திலிருந்து ஒருவர் சுற்றறிக்கையோடு வாசலில் வந்து நிற்கிறார். ஆசிரியர் வாசித்த வரியில் விரலை வைத்து, கையொப்பமிட்டு அனுப்பிவிட்டு, அதே வரியிலிருந்து தொடர்கிறார். கணினியும் இவ்வாறே செய்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நிறுத்தி, நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டு, வந்த வேலையை ஒரு சிறு நிரலால் முடித்துவிட்டுத் திரும்புகிறது. அச்சிறு நிரலைக் குறுக்கீட்டு நிரல் எனலாம். இயங்குதளம் எதுவும் இல்லாமல் நிரல் நேரடியாகச் சில்லின்மீது ஓடும் இடங்களில் இந்தப் பொறுப்பு முழுவதும் நிரலரையே சாரும்.

1950களில் கணினிகள் பெரும்பாலும் காத்திருந்தே காலத்தைக் கழித்தன. தட்டச்சுப்பொறி ஓர் எழுத்தை அடித்து முடிக்கும் வரை கணக்கிடும் பகுதி சும்மா இருக்கும். இவ்வீணடிப்பைத் தவிர்க்கவே குறுக்கீடு பிறந்தது. அமெரிக்காவில் யுனிவாக் 1103ஏ கணினியில் இவ்வசதி இருந்தது. நெதர்லாந்தில், ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தைச் சேர்ந்த பிராம் லூப்ஸ்ட்ராவும் காரல் ஸ்கோல்ட்டனும் எக்ஸ் 1 என்னும் கணினியை வடிவமைத்தபோது இதனைச் சேர்க்க விரும்பினர். அதற்கு நிரல் எழுத வேண்டியவர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. 1957இல் அவர் திருமணப் பதிவின்போது தம் தொழில் 'நிரலர்' என்று குறிப்பிட, அப்படி ஒரு தொழிலே இல்லை என்று அதிகாரிகள் ஏற்க மறுத்தனர். அக்காலம் அத்தகையது.

டைக்ஸ்ட்ரா உடனே இசையவில்லை, அஞ்சினார். அதுவரை கணினி ஒரே உள்ளீட்டுக்கு ஒரே வழியில் ஓடியது. பிழை நேர்ந்தால் அதே நிரலை மறுபடி ஓட்டி அதே பிழையைக் காணலாம். குறுக்கீடு வந்துவிட்டால் எந்தக் கணத்தில் எந்தக் கட்டளைக்கு நடுவே நிரல் நிற்கும் என்று எவராலும் சொல்ல இயலாது. பிழை ஒருமுறை தோன்றி மறைந்துவிட்டால் அதனை எப்படித் தேடுவது? தயங்கிய பின்னரே அவர் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட பிறகு, சோதனையை மட்டும் நம்பாமல், எந்தக் கணத்தில் குறுக்கிட்டாலும் முதன்மை நிரலின் நிலை மாறாது திரும்பும் என்பதை அறிவால் ஆராய்ந்து உறுதிசெய்ய முற்பட்டார். எக்ஸ் 1க்கான அப்பணியே 1959இல் அவருடைய முனைவர் பட்ட ஆய்வாக அமைந்தது. பின்னாளில் நிரல்கள் ஒன்றோடொன்று மோதாமல் காக்கும் 'செமஃபோர்' என்னும் கருத்தையும் அவரே உலகிற்கு அளித்தார்.

அவருடைய அச்சம் வீண் அன்று என்பதை ஒரு மருத்துவக் கருவி காட்டியது. தெராக் 25 என்பது கனடா அரசின் அணுவாற்றல் நிறுவனம் உருவாக்கிய புற்றுநோய்க் கதிர்மருத்துவக் கருவி. பிடிபி 11 கணினியில் ஓடிய அதன் நிரலில் பணிகளைப் பங்கிடும் பகுதியும் குறுக்கீட்டு நிரல்களும் அந்நிறுவனத்தாலேயே எழுதப்பட்டவை. முந்தைய கருவிகளில் தவறான கதிர்வீச்சைத் தடுக்கத் தனி வன்பொருள் பூட்டுகள் இருந்தன. இதில் அப்பொறுப்பின் பெரும்பகுதி நிரலிடம் விடப்பட்டது. 1985 முதல் 1987 வரை ஆறு நோயாளிகள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளாயினர். அவர்களுள் சிலர் உயிரிழந்தனர்.

1986 மார்ச் மாதம் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில் ஒரு விபத்து நேர்ந்தது. நிறுவனப் பொறியாளர்கள் சோதித்தனர்; பிழை மீண்டும் தோன்றவில்லை. கருவி ஏப்ரல் 7இல் மறுபடி பயன்பாட்டுக்கு வந்தது. ஏப்ரல் 11இல் இன்னொரு நோயாளி பாதிக்கப்பட்டார். இம்முறை மருத்துவமனையின் இயற்பியலாளரும் கருவியை இயக்கியவரும் சேர்ந்து, அன்று தட்டச்சு செய்ததை அதே வேகத்தில் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தனர். உண்மை வெளிப்பட்டது. காந்தங்கள் நிலைகொள்ள ஏறத்தாழ 8 விநாடிகள் ஆகும். அதற்குள் விரைந்து ஒரு திருத்தம் செய்து முடித்தால், நிரலின் ஒரு பகுதி அதனை அறியும். மற்றொரு பகுதி அறியாது. மெதுவாகத் தட்டச்சு செய்தவர்கள் கண்ணில் படாத பிழை, பழகிய விரல்களுக்கே காத்திருந்தது.

1987 ஜனவரியில் யாக்கிமா நகரில் நேர்ந்த விபத்தின் காரணம் நம் கணிதப் பாடத்திற்கே உரியது. ஒரு பைட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் 255. அதனோடு ஒன்றைக் கூட்டினால் சுழியம் ஆகிவிடும். சோதனை தேவை என்பதைக் காட்டும் குறியை ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றாகக் கூட்டி வந்ததால், 256ஆம் சுற்றில் அது சுழியமாகி, 'சோதனை தேவையில்லை' என்று பொருள்பட்டது. சரியாக அக்கணத்தில் பொத்தானை அழுத்தினால் பாதுகாப்புச் சோதனை நடவாது.

இப்போது மாணவனின் பலகைக்கு வருவோம். ஆர்டுயினோ ஊனோ பலகைகள் பலவற்றின் சில்லு ஒரு நேரத்தில் 8 பிட்டுகளையே எடுக்கும். பெரிய எண்ணை இரு பாதிகளாக வாசிக்கும். பலகையில் 199 என்று இருக்க, ஒருவர் வலப்புறமிருந்து '99' என்று எழுதிக்கொள்கிறார். அதற்குள் எண் 200 ஆகிவிட, நூறின் இடத்தில் '2' என்று எழுதுகிறார். முடிவு 299! சில்லிலும் 255 என்பது 256 ஆகும் கணத்தில் குறுக்கீடு நுழைந்தால் 511 என்று வாசிக்கப்படலாம். தீர்வு எளியது: வாசிக்கும் அச்சிறு பொழுதுக்குக் குறுக்கீட்டை நிறுத்திவைத்து, பின் திறந்துவிட வேண்டும். குறுக்கீட்டு நிரல் மிகக் குறுகியதாக இருக்க வேண்டும். அதுவும் முதன்மை நிரலும் பகிரும் மாறிகளை 'வாலட்டைல்' என்று அறிவிக்க வேண்டும். பிழையைத் தேட நடுவே திரையில் அச்சிட்டுப் பார்த்தால் நேரக்கணக்கு மாறிப் பிழையே ஒளிந்துகொள்ளலாம். ஆகவே அனுபவமிக்கவர்கள் ஒரு முனையின் மின்னழுத்தத்தை மட்டும் ஏற்றி இறக்கி, அலைகாட்டியில் கவனிப்பர்.

இவற்றையெல்லாம் தொடக்கப்பள்ளியில் கற்பிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு பழக்கத்தை மட்டும் ஊட்டலாம். "ஒருமுறைதான் தவறியது" என்று ஒரு குழந்தை சொன்னால், எப்போது, எதற்குப் பின், எவ்வளவு விரைவாக அழுத்தியபோது என்று கேட்டுக் குறிப்பேட்டில் எழுதச் சொல்வோம். டைலரில் உண்மையை வெளிக்கொணர்ந்தது அத்தகைய பொறுமையே. மீண்டும் தோன்றவில்லை என்பதும் பிழை இல்லை என்பதும் ஒன்றல்ல என்பதை நம் பிள்ளைகள் இளமையிலேயே உணரட்டும்.