பழைய மோட்டார் சைக்கிளும் ஊவா மலையும்: காபரேட்டரை எந்த ஊருக்கு டியூன் செய்வது?

பதுளை நகரம் கடல் மட்டத்தில் இருந்து ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பண்டாரவளை 1,200 மீற்றருக்கும் மேல். அப்புத்தளை 1,400ஐத் தாண்டும். அப்புத்தளையில் இருந்து பெரகலை, கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் 200 மீற்றருக்கும் கீழே வந்துவிடலாம். பஸ்ஸில் போகிறவருக்குக் காது அடைப்பதும் குளிர் விடுவதும்தான் தெரியும். காபரேட்டர் உள்ள பழைய மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு, புறப்பட்ட எஞ்சின் ஒன்று, போய்ச் சேர்ந்த எஞ்சின் வேறொன்று.

இதை வடக்கிலும் கிழக்கிலும் இருக்கும் வாசகர்களையும் மனதில் வைத்தே எழுதுகிறேன். 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன தோட்டக் குடும்பங்களுக்கு இங்கே இன்னும் உறவு விட்டுப்போகவில்லை. மாமன் வன்னியில் ஓட்டிய வண்டி பசறையில் இருக்கும் மருமகனுக்கு வருகிறது. மட்டக்களப்புப் பக்கம் வாங்கிய வண்டி செங்கலடியில் இருந்து மகா ஓயா, பிபிலை, லுணுகலை வழியாக ஏ-5 வீதியில் பதுளைக்கு ஏறுகிறது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு, கொட்டிலில் துருப்பிடித்துக் கிடந்த வண்டிகள்கூட மறுபடி வீதிக்கு வந்தன. வந்த வண்டி மலையில் இழுக்கவில்லை என்றால் எல்லோரும் முதலில் காபரேட்டரைத்தான் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் காபரேட்டரில் பழுது எதுவும் இருக்காது. அது வேறு ஊருக்கும் வேறு காலத்துக்கும் சரிசெய்யப்பட்டிருக்கும், அவ்வளவுதான்.

பதுளையில் நான் போகும் கராச்சில் பாஸ் கேட்கும் முதல் கேள்வியே, “தம்பி, இது எந்த ஊரு வண்டி?” என்பதுதான். ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுப்பது அதற்குப் பிறகுதான்.

காரணம் காற்று. பெற்றோல் எரிய, எடைக்கணக்கில் ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். காபரேட்டருக்குள் குறுகலான குழாய் வழியாகக் காற்று விரைந்து போகும்போது அங்கே அமுக்கம் குறைகிறது. கீழே உள்ள பவுலில் இருந்து பெற்றோல் ஜெட் வழியாக மேலே இழுபடுகிறது. காற்றின் எடையை அளக்க அதற்கு வழி கிடையாது. 1,400 மீற்றர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிடச் சுமார் 15 வீதம் குறைவு. பதுளையில் ஏறக்குறைய 8 வீதம். காற்று மெலிந்துவிட்டது, ஜெட்டின் துளை மட்டும் அதே அளவில் இருக்கிறது. ஆகவே பெற்றோல் கூடிப்போகிறது. பிளக்கில் கரி பிடிக்கும், சைலன்சரில் கறுப்புப் புகை வரும், லீற்றருக்கு ஓடும் தூரம் குறையும். காற்று மெலிவதால் எஞ்சினின் பலமே 100 மீற்றருக்கு ஏறக்குறைய ஒரு வீதம் என்ற கணக்கில் குறையும். இந்த இழப்பை எந்த டியூனிங்கும் திருப்பித் தராது. மலையில் வண்டி இழுக்கவில்லை என்று பெரிய ஜெட் போடச் சொல்பவர்கள் உண்டு. அது வயிறு நிறைந்தவனுக்கு இன்னொரு பிடி சோறு வைக்கிற வேலை.

இனி எந்த வண்டிகள் என்று பார்ப்போம். சின்னத்துரைமார் மலை பார்க்க மோட்டார் சைக்கிளில் போவது தோட்டங்களில் நெடுநாள் வழக்கம். பி.எஸ்.ஏ., ட்ரையம்ப், நோர்ட்டன், மட்ச்லெஸ் போன்ற ஆங்கில வண்டிகளைப் பற்றி வயதானவர்கள் இன்னும் பேசுவார்கள். இவற்றில் பெரும்பாலும் அமல் காபரேட்டர். வண்டியின் வயதை நம்பர் பிளேட்டிலும் படிக்கலாம்: ‘சிலோன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளில் இருந்து எடுத்த ஈரெழுத்து இருந்தால் மிகப் பழையது, சிங்கள ஸ்ரீ இருந்தால் 1957க்குப் பிற்பட்டது. அந்த ஓர் எழுத்துக்காக நடந்த போராட்டத்தை இங்கே விரித்தால் காபரேட்டரை விட்டு வெகுதூரம் போய்விடுவேன். பிறகு வந்தவை ஜப்பான் வண்டிகள்: ஹொண்டா சி.டி. 125 பென்லி, சி.டி. 200 ரோட்மாஸ்டர், எம்.டி. 90. பென்லிக்கும் ரோட்மாஸ்டருக்கும் சிலிண்டர் இரண்டு, காபரேட்டர் ஒன்று. சி.பி. 125 ரி போன்றவற்றில் இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனிக் காபரேட்டர் உண்டு.

வடக்கில் இருந்து வந்த வண்டி என்றால் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: இது மண்ணெண்ணெயில் ஓடியதா? 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் இல்லாமல் வாகனம் ஓட்டிய கதையை இந்தப் பக்கத்தைப் படிக்கும் பலர் எனக்குச் சொல்லித் தரலாம். சிறு போத்தலில் வைத்த பெற்றோலைக் காபரேட்டரின் வாயில் கொஞ்சம் விட்டு ஸ்டார்ட் செய்வார்கள். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது என்பதால்தான் அந்தப் போத்தல். அதன் ஒக்டேன் அளவு மிகக் குறைவு. அமுக்கம் கூடிய எஞ்சினில் தட்டும். அதற்காக ஹெட்டுக்கு அடியில் கூடுதல் கேஸ்கட் வைத்து அமுக்கத்தைக் குறைத்தார்கள். பி.எஸ்.ஏ. எம்20 போன்ற போர்க்கால வண்டிக்கு அமுக்க விகிதமே 5க்கு 1ஐவிடக் குறைவு; அது எதையும் குடிக்கும். தடித்த எண்ணெய் போதுமான அளவு வரட்டும் என்று ஜெட்டின் துளையைப் பெருப்பித்தவர்களும் உண்டு.

அந்த வேலை அன்றைக்குச் சரி. நெருக்கடியில் பிறந்த அந்தக் கைத்திறனை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்த ஜெட்டும் அந்தக் கேஸ்கட்டும் அதே வண்டியில் இன்னும் இருந்து, வண்டி இன்று பெற்றோலில், அதுவும் அப்புத்தளை உயரத்தில் ஓடுகிறது என்றால், மூன்று தவறு ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது. துளை பெரிது, காற்று மெலிவு, அமுக்கம் குறைவு. அப்படி ஒரு ஜெட்டைக் கராச்சில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன்: துளை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருந்தது, உட்புறம் முழுக்கக் கம்பி கீறிய கோடுகள். அதை வைத்துக்கொண்டு எத்தனை நாள் திருகினாலும் டியூன் ஆகாது. புதிய ஜெட்தான் வழி. அமலில் எண் என்பது ஒரு நிமிடத்தில் எத்தனை கனசென்ரிமீற்றர் பெற்றோல் பாய்கிறது என்ற கணக்கு. ஜப்பான் ஜெட்டின் எண் வேறு கணக்கு. எண் ஒன்றாக இருக்கிறது என்று ஒன்றை மற்றதில் போட வேண்டாம். மண்ணெண்ணெய் எரியாமல் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலையும் நீர்க்கச் செய்யும். ஆகவே இப்படிப்பட்ட வண்டிக்கு ஒயில் மாற்றுவது முதல் வேலை. 2022இல் பெற்றோல் 470 ரூபாவுக்குப் போய், கியூ.ஆர். முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று வந்தபோது மண்ணெண்ணெய் கலந்து ஓட்டியவர்களுக்கும் இது பொருந்தும்.

இப்போது வேலைக்கு வருவோம். காபரேட்டரைத் தொடுவதற்கு முன் வால்வு இடைவெளி, பொயின்ட் இடைவெளி, டைமிங், பிளக், ஏர் ஃபில்டர் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். காபரேட்டர் கோளாறு என்று கராச்சுக்கு வருபவற்றில் பல பொயின்ட் கோளாறுதான். அடுத்து, காபரேட்டர் எஞ்சினோடு சேரும் இடத்தில் காற்று களவாக நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது அந்த இணைப்பைச் சுற்றிக் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். சத்தம் மாறினால் ஓட்டை இருக்கிறது. அமலின் பிளாஞ்சை அளவுக்கு மீறி முறுக்கினால் அது வளைந்துவிடும். கண்ணாடித் துண்டின் மேல் வைத்துப் பார்த்தால் தெரியும். ஜெட்டைச் சுத்தம் செய்ய இரும்புக் கம்பி கூடாது. தென்னை ஈர்க்கு போதும்.

சீர்செய்யும்போது, அக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறதோ அதற்கேற்ப வேறு வேறு பகுதி பொறுப்பு என்பதை மறக்கக் கூடாது. மூடிய நிலையில் இருந்து எட்டில் ஒரு பங்கு வரை பைலட் ஜெட்டும் அதன் திருகும். கால் பங்கில் இருந்து முக்கால் பங்கு வரை ஊசி. அதற்கு மேல் மெயின் ஜெட். தோட்டப் பாதையில் கொழுந்து லொறிக்குப் பின்னால் ஊர்ந்து போகிறவருக்கு மெயின் ஜெட் வேலைக்கே வராது. அவருடைய பெற்றோல் செலவு ஊசியிலும் பைலட்டிலும்தான் இருக்கிறது.

பத்து நிமிடம் ஓட்டி எஞ்சினைச் சூடாக்கிய பிறகே பைலட் திருகைத் தொட வேண்டும். மெதுவாக முழுக்க உள்ளே விட்டு, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். அங்கிருந்து கால் கால் சுற்றாக இரு பக்கமும் திருப்பி, எஞ்சின் எங்கே வேகமாகவும் சீராகவும் ஓடுகிறதோ அங்கே நிறுத்தி, ஐட்லிங் திருகால் வேகத்தைக் குறையுங்கள். இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். திருகு ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது. உள்ளே விட்டால் பெற்றோல் கூடும். எஞ்சின் பக்கம் இருந்தால் கலவையைக் கட்டுப்படுத்துகிறது; உள்ளே விட்டால் பெற்றோல் குறையும். இறக்கத்தில் அக்சிலேட்டரை மூடும்போது சைலன்சர் டப் டப் என்று வெடித்தால், பைலட்டில் பெற்றோல் போதவில்லை. அல்லது சைலன்சர் பூட்டில் கசிவு.

ஊசியின் தலையில் வழக்கமாக ஐந்து பள்ளம் இருக்கும், ஒன்றில் கிளிப். கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றினால் ஊசி கீழே இறங்கும், பெற்றோல் குறையும். கீழ்நாட்டில் இருந்து வந்த வண்டிக்குப் பதுளையில் பெரும்பாலும் இது ஒன்றே போதும். அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கமே நிரந்தரமாக ஓடும் வண்டிக்கு மெயின் ஜெட்டையும் ஓர் அளவு குறைத்துப் பார்க்கலாம். பிறகு ஏற்றத்தில் முழு அக்சிலேட்டரில் சிறிது தூரம் ஓட்டி, கிளச்சைப் பிடித்து, அதே கணம் எஞ்சினை நிறுத்திப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். (இதற்கு நேரான, ஆள் இல்லாத வீதி வேண்டும். ஊவாவில் அது கிடைப்பதுதான் கஷ்டம்.) கறுத்த கரி என்றால் பெற்றோல் அதிகம். பால் தேத்தண்ணி நிறம் நல்லது. சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் பெற்றோல் குறைவு, ஆபத்து. ஈயம் நீக்கிய இன்றைய பெற்றோலில் நிறம் முன்னைவிடக் கொஞ்சம் வெளிறித்தான் தெரியும். பழைய ஆட்கள் சொல்லும் நிறத்தை அப்படியே எதிர்பார்க்க வேண்டாம்.

இரட்டைக் காபரேட்டர் என்றால் வேலை இரண்டு மடங்கு அல்ல, நாலு மடங்கு. அமல் இரட்டையில் முதலில் இரண்டு கேபிளிலும் சிறிது தளர்வு விட்டு, இரண்டு ஸ்லைடும் ஒரே கணத்தில் எழுகின்றனவா என்று விரலை உள்ளே வைத்துப் பாருங்கள். பிறகு ஒரு பக்கப் பிளக் வயரைக் கழற்றி எர்த் செய்துவிட்டு, மற்றச் சிலிண்டரில் மட்டும் ஓடவிட்டு அதன் திருகுகளைச் சரிசெய்யுங்கள். அடுத்ததற்கும் அதே மாதிரி. இரண்டையும் சேர்த்தால் வேகம் கூடிப்போகும்; இரு ஐட்லிங் திருகையும் சம அளவில் குறையுங்கள். சமமா என்று அறிய அளவுமானி இல்லாவிட்டால், ஒரு ரப்பர் குழாயின் ஒரு நுனியைக் காதிலும் மறு நுனியை ஒவ்வொரு காபரேட்டரின் வாயிலும் வைத்துக் கேளுங்கள். இரண்டும் ஒரே சீற்றமாக இருக்க வேண்டும். ஜப்பான் வண்டியில் இரண்டையும் இணைக்கும் சமன் திருகு இருந்தால் அதை மட்டும் திருப்பினால் போதும்.

மேலும் கீழும் ஓடுகிறவர் எந்த ஊருக்கு டியூன் செய்வது? என் முடிவு: வழக்கமாகப் போகும் ஆகக் கீழான இடத்துக்கு. கீழ்நாட்டு ஜெட்டோடு மலை ஏறினால் பெற்றோல் வீணாகும், பிளக் கறுக்கும், எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. மலைக்குக் குறைத்த ஜெட்டோடு வெல்லவாயவுக்கோ செங்கலடிக்கோ இறங்கி வெயிலில் விரட்டினால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறும். வால்வு கருகும், பிஸ்டனில் துளையும் விழலாம். வெயிலில் காற்று விரிந்து கொஞ்சம் மெலியும் என்பது உண்மைதான், ஆனால் அதை நம்பி இருக்க முடியாது. கராச்சில் நான் பார்த்த துளை விழுந்த பிஸ்டன் ஒன்று, மலையில் சிக்கனத்துக்காக ஜெட் குறைத்த வண்டியுடையது. மெயின் ஜெட்டைக் கீழ்நாட்டு அளவிலேயே விட்டு, பைலட்டையும் ஊசியையும் மட்டும் மலைக்கு மாற்றிக்கொள்வது நடுவழி.

அப்புத்தளை மூடுபனியில் வண்டி திடீரென நின்று, ஐந்து நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆனால் உடனே திருகைத் தொட வேண்டாம். ஈரக் குளிரில் பெற்றோல் ஆவியாகும்போது காபரேட்டருக்குள் வெப்பம் இன்னும் இறங்கி, ஈரம் பனிக்கட்டியாக உறையக்கூடும். எஞ்சின் சூட்டில் அது தானே கரைந்துவிடும்.

இறங்கும் பயணத்துக்கு மலையில் மாற்றிய வண்டியைக் கொண்டுபோகிறீர்கள் என்றால், பிபிலையில் அல்லது வெல்லவாயவில் நிறுத்தி, எஞ்சின் ஆறிய பிறகு பிளக்கைப் பாருங்கள். வெளுத்திருந்தால் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்குங்கள். மெயின் ஜெட்டைக் குறைத்திருந்தால் பழையதைத் திரும்பப் போடுங்கள். அதற்குப் பிளக் சாவி, சின்ன ஸ்குரூ டிரைவர், கழற்றி வைத்த ஜெட், இவை போதும். ஊசியை வெளியே எடுக்கும் முன் வண்டிக்கு அடியில் ஒரு துணியை விரித்துக்கொள்ளுங்கள். அந்தக் கிளிப் புல்லுக்குள் விழுந்தால் கிடைக்காது.