குழந்தை சுமக்கும் துணி

விசைத்தறிக்குப் பெயர்பெற்ற கருமத்தம்பட்டி, சோமனூர் உள்ளிட்ட கொங்கு நாட்டு ஊர்களில், குழந்தையை இடுப்பில் சுமப்பதும் பழைய சேலையில் தொட்டில் கட்டுவதும் வழக்கம். தோளில் மாட்டும் இன்றைய சுமப்புப் பை மேற்கு ஆப்பிரிக்க வழக்கத்திலிருந்து பிறந்தது. டோகோவில் பணியாற்றிய அமெரிக்கச் செவிலியர் ஆன் மூர், அங்குள்ள தாய்மார் குழந்தையைத் துணியால் முதுகில் கட்டுவதைக் கண்டு ஒரு பையை வடிவமைத்தார். அதற்கு 1969இல் காப்புரிமை பெற்றார்.

தோளில் குறுக்காகத் தொங்கும் தூளிப்பைகளில் சிசுக்கள் மூச்சுத்திணறி இறந்ததால், அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2010 மார்ச்சில் எச்சரிக்கை விடுத்தது. நான்கு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் கழுத்து வலுவில்லை. தாடை நெஞ்சில் படிந்தால் மூச்சுவழி அடைபடும். எனவே முகம் வெளியே தெரியும்படி, நிமிர்ந்த நிலையில், குனிந்தால் முத்தமிடும் உயரத்தில் நெஞ்சோடு சேர்த்துக் கட்ட வேண்டும். தொடைகள் விரிந்து தாங்கப்பட்டால் இடுப்பு மூட்டுக்கும் நல்லது. இடுப்பில் சுமக்கும்போது இது இயல்பாகவே அமைகிறது.