112ஆம் தனிமத்துக்கு இரண்டு வழிகள்

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் ஆய்வகத்தில் 1996இல் உருவான கோப்பர்நீசிய அணுக்கருவில் 165 நியூட்ரான்கள் இருந்தன. ஒரு மில்லிநொடிகூட அது தாங்கவில்லை. ரஷ்யாவின் துப்னாவில், ஃபிளெரோவியம் சிதைந்து கிடைத்த அதே தனிமத்தில் 173 நியூட்ரான்கள். அரை ஆயுளோ ஏறத்தாழ அரை நிமிடம். எட்டு நியூட்ரான்கள் கூடியதில் ஆயுள் பல்லாயிரம் மடங்கு நீண்டுவிட்டது.

டார்ம்ஸ்டாட்டின் வழிக்குக் ‘குளிர் இணைவு’ என்று பெயர். (1989இல் பரபரப்பாகி அடங்கிய குளிர் இணைவு வேறு.) ஈயம்-208 இலக்கின்மீது துத்தநாகம்-70 கற்றையை மோதவிடுவார்கள். ஈயக்கரு மிக இறுக்கமாகக் கட்டுண்டது என்பதால், இணைந்த கருவில் மிஞ்சும் கிளர்வு ஆற்றல் குறைவு. ஒரே நியூட்ரானை உதிர்த்து அது அடங்கிவிடும். துப்னாவின் ‘வெப்ப இணைவில்’ புளூட்டோனியம்-244மீது கால்சியம்-48 மோதுகிறது. கிளர்வு 30 முதல் 40 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். மூன்று நான்கு நியூட்ரான்கள் உதிர வேண்டும். ஒவ்வொரு படியிலும் கரு பிளந்துபோகலாம்.

இதுவரை பார்த்தால் குளிர்வழிதான் வெல்ல வேண்டும். ஆனால் கரு பிழைப்பதற்கு முன் உருவாக வேண்டுமே! மோதும் கருக்களின் மின்னூட்டப் பெருக்கல் ஈயம்–துத்தநாகத்துக்கு 2460, புளூட்டோனியம்–கால்சியத்துக்கு 1880. விலக்குவிசை ஏற ஏற, தொட்ட கருக்கள் சில துகள்களைப் பரிமாறிக்கொண்டு, முழுதாகக் கலக்காமலே பிரிந்துவிடுகின்றன. ஜப்பானின் ரிக்கென் நிறுவனம் பிஸ்மத்–துத்தநாக மோதலில் 113ஆம் தனிமத்தைத் தேடியபோது கிடைத்தவை மூன்றே அணுக்கள்: 2004, 2005, 2012இல் ஒவ்வொன்று. துப்னா அதற்குள் 118 வரை போய்விட்டது. அங்கே நியூட்ரான் வளத்தால் கருக்களின் பிளவுத்தடையும் உயர்ந்திருந்தது.

ஆனாலும் குளிர்வழியின் சான்றுகளே எனக்குக் கூடுதல் நிறைவு தருகின்றன. ரிக்கெனின் சிதைவுத் தொடர் போரியம்-266, டப்னியம்-262 என்று ஏற்கெனவே அறிந்த கருக்களில் வந்து சேர்ந்தது. துப்னாவின் தொடர்கள் அதுவரை யாரும் காணாத கருக்களில் பிளந்து முடிந்தன. ஐயங்கள் நீண்டதில் வியப்பில்லை.

வெப்பவழியும் இப்போது முட்டி நிற்கிறது. கலிஃபோர்னியத்துக்கு அப்பால் போதிய அளவில் இலக்குப்பொருள் கிடையாது. கற்றையைத்தான் கனமாக்க வேண்டும். பெர்க்லி ஆய்வகம் 2024இல் டைட்டானியம்-50ஐப் புளூட்டோனியத்தில் மோதி, 22 நாட்களில் இரண்டு லிவர்மோரியம் அணுக்களைக் கண்டது. அதே தனிமத்தைக் கியூரியம்–கால்சியத்தில் ஆக்கியபோது மின்னூட்டப் பெருக்கல் 1920, டைட்டானியத்தில் 2068. குளிர்வழியை முடக்கிய எண்ணை நோக்கித்தான் இதுவும் ஏறுகிறது.