வட்டையும் கோட்டமும்

சக்கரத்தின் வெளிவளையத்தை இன்று நாம் ‘ரிம்’ என்கிறோம். அதற்கு ‘வட்டை’ என்று ஒரு சொல் நம்மிடம் உண்டு. அதனினும் பழைய ‘சூட்டு’ என்ற சொல்லும் உண்டு. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட பெரும்பாணாற்றுப்படையில், உப்பு வணிகரின் வண்டியை வருணிக்கப் புகுந்த கடியலூர் உருத்திரங்கண்ணனார், சூட்டையும் ஆரக்கால்களையும் முழுமரத்தாலான குடத்தையும் தனித்தனியே எடுத்துச் சொல்கிறார். வண்டி செய்வோரின் கண் அவருக்கு வாய்த்திருந்தது.

வட்டை வலுவாகவும் இருக்க வேண்டும், இலேசாகவும் இருக்க வேண்டும். ஒன்றோடொன்று முரணும் இவ்விரு தேவைகளுக்கும் மனிதர் கண்ட விடைகளைத் தொடர்ந்து செல்வதற்குக் காஞ்சிபுரம் ஏற்ற ஊர். தேர், கட்டைவண்டி, மிதிவண்டி, தறி ஆகிய நான்கையும் அங்கே ஒரு நாள் நடையில் பார்த்துவிடலாம்.

தேர்ச்சக்கரம் முதல் விடை. அதில் ஆரக்கால் இல்லை. கனத்த மரப்பலகைகளை இணைத்து, சுற்றிலும் இரும்புப் பட்டை பூட்டிய முழுவட்டு அது. வலிமைக்காக எடையைப் பற்றிக் கவலைப்படாமல் விட்ட ஏற்பாடு. தேரைத் திருப்பவும் நிறுத்தவும் முட்டுக்கட்டை போட ஆள் வேண்டும். தமிழகத்துத் தேர்கள் பலவற்றுக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரங்களைச் செய்து கொடுத்தபின் மரம் மாறியது. அடிப்படைக் கருத்து மாறவில்லை.

கட்டைவண்டிச் சக்கரம் இரண்டாம் விடை. தச்சர் கருவேல மரத்தை வளைவாக அறுத்து வட்டைத் துண்டுகளாக்குவார். துண்டுக்கு இரண்டாக ஆரக்கால்களைச் செருகுவார். பின்னர், சுற்றளவில் சற்றே குறைந்த இரும்புப் பட்டாவை நெருப்பில் காய்ச்சி விரியவைத்து, மாட்டி, நீரூற்றுவார்கள். குளிர்ந்து சுருங்கும் பட்டா வட்டைத் துண்டுகளை ஒன்றோடொன்று நெருக்கி, ஆரக்கால்களைக் குடத்துக்குள் அழுத்திப் பிடிக்கும். இங்கே ஆரக்கால் ஒரு தூண். சுமையைக் கீழிருந்து தாங்குகிறது. தூண் மெலிந்தால் வளையும் என்பதால் மெலிவுக்கு ஓர் எல்லை உண்டு.

அந்த எல்லையை உடைத்த எண்ணம் இங்கிலாந்தில் பிறந்தது. விமானத்தைப் பற்றிக் கனவு கண்ட ஜார்ஜ் கெய்லி, அதற்கு வேண்டிய இலேசான சக்கரத்தைத் தேடி, தாங்கும் ஆரத்துக்குப் பதில் இழுக்கும் ஆரத்தை 1808இல் குறித்து வைத்தார். 1874இல் ஜேம்ஸ் ஸ்டார்லி, கம்பிகளைக் குடத்தின் விளிம்பைத் தொட்டுச் சாய்வாகச் செல்லும்படி பின்னும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மெல்லிய கம்பி தூணாக நிற்காது; ஆனால் இழுத்துக் கட்டினால் வியக்கத்தக்க சுமையைத் தாங்கும். வட்டையை எல்லாப் பக்கமும் உள்நோக்கி இழுக்கும் விறைப்பிலேயே சக்கரத்தின் உறுதி இருக்கிறது. பாவு நூலின் விறைப்பில் வாழும் நெசவாளருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிள்ளையார்பாளையத் தெருக்களில் பாவை நீட்டி இழுத்துக் கட்டும்போது, தனியே விரலால் அறுபடும் இழைகள் சேர்ந்து எவ்வளவு தாங்கும் என்பதை அவர் நாள்தோறும் பார்க்கிறார்.

1949இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கின; அம்பத்தூரில் ஆலை எழுந்தது. அங்கிருந்து வந்த ஹெர்குலிஸ் வண்டிகள் நம் ஊர்களை நிறைத்தன. முலாம் பூசிய எஃகு வட்டை. ஆங்கிலேய மரபுப்படி முன்சக்கரத்தில் 32 கம்பிகள், பின்சக்கரத்தில் 40. சுமை பின்னால் அதிகம் என்பதால் இந்த வேறுபாடு. நெல் மூட்டையையும் குடும்பத்தையும் ஏற்றிச் சென்ற அந்த வண்டியைப் பார்த்து, கனமே உறுதி என்று நம்மவர் முடிவுகட்டினர். நம் கருத்தில் இது பாதி உண்மையே. அந்தச் சக்கரத்தின் உறுதியில் பெரும்பங்கு, சரியான விறைப்பில் நின்ற 40 கம்பிகளுக்கு உரியது. எஃகு வட்டைக்கு ஒரு தீராத குறையும் உண்டு: மழையில் நனைந்தால் பிரேக் பிடிக்காது. ஐப்பசியில் சரிவான ஏரிக்கரையிலிருந்து இறங்கியவர்கள் அறிவார்கள்.

இலேசுக்கு வழி அலுமினியம். எஃகின் அடர்த்தி ஏறத்தாழ 7.8, அலுமினியத்தினுடையது 2.7. ஆனால் அதே அளவில் விறைப்பும் மூன்றிலொன்றாகக் குறையும். எனவே உள்ளே கூடாக, சற்று உயரமாக வட்டையைச் செய்தார்கள்; மூங்கில் இலேசாக இருந்தும் வளையாமல் நிற்பதன் இரகசியம் இதுவே. 1934இல் பிரெஞ்சுச் சுற்றுப் பந்தயத்தை வென்ற அந்தோனின் மாஞ், மாவிக் நிறுவனத்தின் டியூராலுமின் வட்டைகளை மரம்போல் வண்ணம் பூசி மறைத்து ஓட்டினார் என்பர். பந்தய வண்டிகளில் அதுவரை மரவட்டையே ஆட்சி செய்தது.

இத்தேடல் மிகக் கடுமையாக நிகழும் களம் சைக்ளோகிராஸ். 1902இல் பிரான்சில் தேசியப் பந்தயமாகி, 1950இல் உலகப் பந்தயமான இவ்விளையாட்டில், சேற்றிலும் மணலிலும் ஓட்டி, தடை வந்தால் வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். வாய்க்காலைக் கடக்க நம் உழவர் செய்வதும் அதுவே; அவருக்குப் பதக்கம் இல்லை. ஒவ்வொரு வளைவிலும் நின்று மீண்டும் வேகம் பிடிக்கும்போது, வட்டையில் உள்ள எடை வண்டியின் பிற எடையைப்போல் ஏறக்குறைய இரு மடங்காக உழைப்பைக் கேட்கும். ஆகவே எடையைக் குறைப்பதானால் முதலில் குறைக்க வேண்டிய இடம் வட்டை. 2010இல் பந்தய விதிகள் வட்டு பிரேக்கை அனுமதித்தபின், பிரேக் உரசும் பக்கச்சுவரை வட்டை சுமக்க வேண்டியதில்லை. கரிம இழை வட்டை இன்னும் இலேசு. ஆனால் கல்லில் மோதினால் அலுமினியம் நெளியும், கரிமம் விரியும். நெளிந்ததை ஓரளவு நிமிர்த்தலாம். பந்தயக் குழு இல்லாமல், சொந்தப் பணத்தில், குண்டுங்குழியுமான சாலையில் ஓட்டுபவர் கேட்டால், 32 கம்பிகள் கொண்ட அரைக் கிலோ அளவிலான அலுமினிய வட்டையையே நாம் சொல்வோம்.

இங்கே பட்டு குறுக்கிடுகிறது. வட்டையில் பசையிட்டு ஒட்டும் குழாய் டயர்களில் மிக உயர்ந்தவற்றுக்கு உள்துணி பட்டிழையால் ஆனது. கிளெமென் நிறுவனத்தின் புகழ்பெற்ற டயரின் பெயரிலேயே ‘சேத்தா’, அதாவது இத்தாலிய மொழியில் பட்டு, இருந்தது. டுகாஸ்ட் சேற்றுப் பந்தயத்துக்கும் அத்தகைய டயர்களைச் செய்தது. காஞ்சியில் புடவையின் கனத்தைக் கையில் ஏந்திப் பார்த்து மதிப்பிடுகிறோம்; ஐரோப்பியப் பந்தயக்காரர் அதே பட்டை அதன் இலேசுக்காகத் தேடினார். முறுக்கேறிய மெல்லிழை தன் எடைக்கு மிஞ்சிய இழுவையைத் தாங்கும் என்னும் ஒரே இயல்பு இரண்டு இடத்திலும் பயன்பட்டது.

எந்த வட்டையானாலும் பள்ளத்தில் விழுந்தால் வளையும். அதைச் சீர்செய்வதை மிதிவண்டிக் கடைக்காரர் ‘கோட்டம் எடுப்பது’ என்கிறார். சக்கரத்தைச் சுழலவிட்டு, விலகும் இடத்தைக் கண்டு, ஒரு பக்கக் கம்பியை இறுக்கி மறுபக்கத்தைத் தளர்த்துகிறார். குமரகோட்டமும் காமகோட்டமும் உள்ள ஊரில் இச்சொல் காதில் விழும்போது நமக்குக் கொஞ்சம் திகைப்பு. கோயிலுக்கும் கோட்டம், தொண்டை மண்டலத்தின் பழைய நிலப்பிரிவுக்கும் கோட்டம், வளைவுக்கும் கோட்டம். வள்ளுவர் நடுவுநிலைமையைப் பேசுகையில் சொல்லின், உள்ளத்தின் வளைவுக்கு ஆண்ட சொல்லை, கிரீஸ் படிந்த கைகள் இன்னும் அதே பொருளில் ஆள்கின்றன. ‘வட்டை’யை இழந்த கடைத்தெரு ‘கோட்ட’த்தை விடவில்லை. அகராதி தொகுப்பவர்கள் அங்கே போய்க் கொஞ்சம் உட்கார்ந்திருக்கலாம்.

கோட்டம் எடுத்தும் சாலைக்குத் தேறாத எஃகு வட்டை, நெசவாளர் வீட்டில் தார் சுற்றும் ராட்டையாகிறது. டயரைக் கழற்றிவிட்டு, கம்பிகளோடு சட்டத்தில் பொருத்தி, டயர் இருந்த பள்ளத்தில் கயிற்றை ஓட்டுகிறார்கள். கயிறு கதிரைச் சுழற்ற, ஊடை நூல் தாரில் ஏறுகிறது. இங்கு இலேசான வட்டை வேலைக்காகாது. விளிம்பில் கனம் இருந்தால்தான் கையை எடுத்த பின்னும் சக்கரம் சுழலும், நூலும் சீராக ஏறும். பந்தயக்காரர் கிராம் கிராமாகக் குறைத்த அதே எடையை, ராட்டைக்கு வட்டை தேடும் நெசவாளர் பழைய கடையில் தூக்கிப் பார்த்து, கனமானதாகத் தேர்ந்தெடுத்து வாங்குகிறார்.