தறப்பாளும் கோடாலியும்

மகனின் சாரணர் பாசறைக்குக் கொண்டுபோக வேண்டிய சாமான் பட்டியலில் முதலாவதாக இருந்தது தறப்பாள். அதன்பிறகு கயிறு, தீப்பெட்டி, ரோச் லைற், அரைக்கிலோ அரிசி, உப்பு. "அம்மா, இரவு முழுக்க வெளியிலதான் படுக்கை. நாங்களே சமைச்சுச் சாப்பிடோணும்" என்று துள்ளினான்.

எனக்கு 1996 நினைவுக்கு வந்தது. சத்ஜெய இராணுவ நடவடிக்கையில் கிளிநொச்சியை விட்டு ஸ்கந்தபுரம் பக்கம் ஓடியபோது, அம்மா சைக்கிள் கரியரில் கட்டியதும் ஏறத்தாழ இதே சாமான்கள்தான். ரோச் லைற்றுக்கு மட்டும் பற்றரி கிடையாது. பொருளாதாரத் தடையில் பற்றரி வன்னிக்குள் வராது. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை அடைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, நூல் திரி போட்டுக் கொளுத்துவோம். அந்த வெளிச்சத்தில்தான் படித்தேன். இப்படியொரு வாழ்வைப் பிள்ளைகள் ஆசைப்பட்டு, வீட்டில் காசு வாங்கிக்கொண்டு போய் வாழ்ந்து பார்க்கிறார்களே என்பது எனக்கு நெடுநேரம் விளங்கவேயில்லை.

ஆனால் வன்னியில் காட்டில் தங்குவது எங்கள் இடப்பெயர்வோடு தொடங்கிய கதையல்ல. ஒட்டுசுட்டான் பக்கத்தில் பிறந்த என் அப்பாவுக்கு அது தொழில். கோடை பிறந்தால் தேனுக்குப் போவார்கள். ஆனியில் பாலை பழுக்கும்போது காடு முழுக்க இனிக்கும். கரடியும் அதே மரத்துக்குத்தான் வரும். அதனால் தோளில் கோடாலி இல்லாமல் யாரும் காட்டில் இறங்குவதில்லை. பாலைப்பழத்தின் பால் உதட்டில் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், தேங்காயெண்ணெய் பூசித்தான் விடுவிக்க வேண்டும். மிஞ்சிய பழத்தைக் காய்ச்சிப் பாணியாக்கிப் போத்தலில் அடைப்பார்கள். வீரைப்பழம், உலுவிந்தம்பழம், முரலிப்பழம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம் இருந்தது. தண்ணீர் வற்றிய ஆற்று மணலில் கையால் தோண்டுகிற பூவலில் ஊறும் நீர்தான் குடிநீர். முதலில் ஊறுகிற கலங்கலை இறைத்து ஊற்றிவிட்டு, தெளியும்வரை பக்கத்தில் குந்தியிருக்க வேண்டும். அவசரப்பட்டு அள்ளுகிறவனை அப்பா திட்டுவார். காட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு குழையை முறித்து ஐயனாருக்கு வைத்துவிட்டுத்தான் அடுத்த அடி.

வெளியாள் ஒருவர் இந்த நாட்டுக் காட்டில் உயிர்பிழைத்த கதையும் உண்டு. 1660இல் கொட்டியாரத்தில் பிடிபட்டுக் கண்டி மன்னனிடம் சிறையிருந்த ஆங்கிலேயர் இராபர்ட் நொக்ஸ், 1679இல் ஒரு தோழருடன் தப்பி, அருவியாற்றின் கரையோடு வன்னியின் விளிம்பு வழியே நடந்து, ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையைச் சேர்ந்தார். அவர் கட்டிக்கொண்டு போனவை: சமைக்கச் சட்டி, தண்ணீருக்குச் சுரைக்குடுவை, தீமூட்டும் பெட்டி, முள் குத்தாமல் காலில் கட்ட மான்தோல், கூடாரத்துக்குத் தாளிப்பனை ஓலை. முந்நூற்று முப்பது ஆண்டு கழித்து, 2009இல், அதே அருவியாற்றுக்குப் பக்கத்தில் செட்டிகுளம் மனிக்பாமில் முள்வேலிக்குள் எங்களை இருத்தினார்கள். நாங்கள் குடித்ததும் அந்த ஆற்றுத் தண்ணீர்தான். ஓலைக்குப் பதிலாகத் தறப்பாள். வெயிலில் தறப்பாள் கொதிக்கும், மழையில் ஒழுகும். ஓலை அப்படிச் செய்யாது. 2012 செப்டெம்பரில்தான் அந்த முகாமை மூடினார்கள்.

சாரணியத்தின் பிறப்பும் போரோடு ஒட்டியதுதான். பேடன் பவல் 1899இல் படைவீரர்களுக்காக எழுதிய கைநூலை இங்கிலாந்துப் பையன்கள் விளையாட்டுக்காகப் படித்தார்கள். அதைக் கண்டபிறகே அவர் 1907இல் பிரவுன்சீ தீவில் சிறுவர்களுக்குப் பாசறை நடத்தினார்; அடுத்த ஆண்டு அவர்களுக்கென்றே நூல் எழுதினார். 1912இல் மாத்தளை கிறிஸ்து தேவாலயக் கல்லூரியில் ஸ்ரீவன்ஸ் என்பவர் இலங்கையின் முதல் சாரணர் குழுவைத் தொடங்கினார். அந்த நாளில் வன்னிப் பையன்களுக்குத் தடம் பார்க்கவும் தீமூட்டவும் சொல்லித்தரப் புத்தகம் தேவைப்பட்டிருக்காது. தகப்பனுக்குப் பின்னால் நடந்தாலே போதும்.

அந்தத் தொடர் அறுந்தது என் தலைமுறையில். காடு போர்முனையானது, பிறகு மிதிவெடி வயலானது. எனக்குப் பதுங்குகுழி வெட்டத் தெரியும், தேன்பொந்து பார்க்கத் தெரியாது. அப்பாவிடம் இருந்ததை வாங்கி மகனிடம் கொடுக்க வேண்டிய இடத்தில் நான் வெறுங்கையோடு நிற்கிறேன். இது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

பாசறையைக் காட்டில் வைக்காமல் பள்ளிக்கூட மைதானத்தில் வைத்ததற்கும் அந்த மிதிவெடிதான் காரணம். ஹலோ ட்ரஸ்ற் 2002 முதல் வடக்கில் வெடி அகற்றுகிறது. மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிளறுகிறவர்களில் பலர் வன்னிப் பெண்கள், அவர்களில் போரில் கணவரை இழந்தவர்களும் உண்டு. 2017 டிசெம்பரில் இலங்கை, மிதிவெடியைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. அப்படியிருந்தும் மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை இன்னும் சில இடங்களில் நிற்கிறது. பிள்ளைக்கு நான் முதலில் கற்றுக்கொடுத்த காட்டுக்குறி அந்தப் பலகைதான்.

பாசறையால் வந்தவன், கல்லும் தடியும் வைத்து வழிக்குறி போடுவது எப்படியென்று முற்றத்தில் அம்மப்பாவுக்குச் செய்து காட்டினான். எண்பதை எட்டிய அப்பா குனிந்து பார்த்தார்.

"கல்லைப் பண்டி கிளறிப்போடுமெல்லே ராசா. நாங்கள் நெஞ்சளவு உயரத்தில கொப்பை முறிப்பம். முறிஞ்ச நுனி போற பக்கம் பார்க்கும். இலை வாடியிருக்கிறதைப் பார்த்தா எப்ப போனவன் எண்டும் தெரியும்."

"அதை எங்கட சேருக்கும் காட்டுவீங்களோ அம்மப்பா?"

சாரண ஆசிரியரிடம் நானே போய்க் கதைத்தேன். அவர் இளம் பொடியன், நகரத்தில் வளர்ந்தவர். பூவலைப் பற்றிச் சொன்னதும் கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கிவிட்டார். அடுத்த பாசறையில் அப்பாவுக்கு அரைநாள் ஒதுக்கியிருக்கிறார்கள். வெடி அகற்றி மக்களிடம் கையளித்த குளக்கட்டு ஒன்றின் ஓரத்தில் இடமும் பார்த்தாயிற்று. அங்கே பாலை நிற்கிறது. அது பழுக்கிற நேரமாகப் பார்த்து ஆனியில் வையுங்கள் என்று கேட்டிருக்கிறேன். தவணைப் பரீட்சை குறுக்கே வராவிட்டால் வைக்கலாம் என்கிறார் ஆசிரியர்.